கரிமக் குறைக்கடத்தி சிலிக்கானை ஏன் விரட்டவில்லை?

கேள்வி இதுதான்: “கரிமக் குறைக்கடத்திகளும் ஒற்றை மூலக்கூறுக் கருவிகளும் சிலிக்கானின் இடத்தைப் பிடிக்கப்போகின்றன என்று பள்ளிக் காலத்திலிருந்து படித்துவருகிறேன். எங்கே வந்தன? வேதியியலில் முதுகலை முடிக்கப்போகிறேன். இதில் முனைவர் ஆராய்ச்சிக்குப் போகலாமா, இல்லை எல்லாம் வெறும் பேச்சுதானா?”

வந்துவிட்டன. சிலிக்கான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஃபோனில் ஓஎல்இடி திரை இருந்தால், அதில் வெளிச்சம் தருவது கரிம மூலக்கூறுகள்தான், அதாவது கார்பனை அடிப்படையாகக் கொண்டவை. அதற்கு வெகுகாலம் முன்பே அவை நகல் எந்திரத்துக்குள் புகுந்துவிட்டன. ஐபிஎம் 1970-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த நகல் எந்திரத்தில் ஒளிபட்டால் மின்சாரம் கடத்தும் பூச்சாக இருந்தது பாலிவினைல் கார்பசோல் என்ற பாலிமர். இன்றைய லேசர் பிரின்டர் உருளைகளின் மேல்பூச்சும் பெரும்பாலும் கரிமப் பொருள்தான். அதை யாரும் ‘எதிர்காலத் தொழில்நுட்பம்’ என்று மேடை போட்டுப் பேசவில்லை. அதனால் கவனத்துக்கு வரவில்லை.

எங்கே வரவில்லை, ஏன் வரவில்லை என்பதற்கு என் பதில் ஒரே வரியில் அடங்கும். மூலக்கூறு பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அது உலோகத்தையோ மின்காப்புப் படலத்தையோ பக்கத்து மூலக்கூறையோ தொடுகிற இடத்தில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில் மூலக்கூறின் பக்கம். பென்சீன் வளையத்தில் பை எலக்ட்ரான்கள் ஓர் அணுவுக்குள் அடைபடாமல் வளையம் முழுக்கப் பரவியிருக்கின்றன. எலக்ட்ரான் நிரம்பிய ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரானுக்கான ஆற்றல் படிகளில்) மேலே இருப்பது ஹோமோ, காலியானவற்றில் கீழே இருப்பது லூமோ. இரண்டுக்கும் நடுவே உள்ள ஆற்றல் இடைவெளி, சிலிக்கானின் பட்டை இடைவெளி செய்யும் வேலையை இங்கே செய்கிறது. வளையங்களை வரிசையாக ஒட்ட ஒட்ட இந்த இடைவெளி சுருங்கும். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: இரண்டு வளையமுள்ள நாஃப்தலீனுக்கு நிறமில்லை, நான்கு வளையமுள்ள டெட்ராசீன் ஆரஞ்சு, ஐந்து வளையமுள்ள பென்டசீன் கருநீலம். சிலிக்கானின் இடைவெளி 1.1 எலக்ட்ரான் வோல்ட் என்பது இயற்கை கொடுத்தது, அதோடு வாழ்ந்தாக வேண்டும். இங்கே தாளில் கட்டமைப்பை வரைந்து, ஒரு ஃபுளூரினைச் சேர்த்து, ஒரு கந்தகத்தை நுழைத்து, இடைவெளியை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். வேதியியல்காரருக்கு இதைவிடப் பெரிய அழைப்பு கிடையாது.

சிக்கல், ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்த மூலக்கூறுக்குப் போகும்போது. சிலிக்கான் படிகத்தில் அணுக்களைச் சகப்பிணைப்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது. கரிமப் படிகத்தில் மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருப்பது வலுவற்ற வாண்டர்வால்ஸ் விசை. ஆர்பிட்டால்கள் லேசாகத்தான் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன; அந்தப் படிவும் நிலையாக இல்லை. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்கி அசைந்துகொண்டே இருப்பதால், எலக்ட்ரான் தாவும் வாய்ப்பு கணத்துக்குக் கணம் கூடிக் குறைகிறது. மொபிலிட்டி, அதாவது குறிப்பிட்ட மின்புலத்தில் மின்சுமை எவ்வளவு விரைவாக நகர்கிறது என்ற அளவு, படிகச் சிலிக்கானில் எலக்ட்ரானுக்குச் சுமார் 1,400. அலகு, வோல்ட்-விநாடிக்குச் சதுர சென்டிமீட்டர். இனி எண்ணை மட்டும் சொல்கிறேன். பென்டசீன் படலத்தில் ஒன்றை ஒட்டி. 1986-ல் பாலிதயோஃபீனைக் கொண்டு ஜப்பானில் செய்த தொடக்ககால பாலிமர் டிரான்சிஸ்டரில் லட்சத்தில் ஒன்று. ஆக, கணினிச் செயலியைக் கரிமப் பொருளில் செய்யும் ஆசை இயற்பியலிலேயே அடிபட்டுப்போகிறது. ஆனால் ஒன்று என்ற அந்த எண், எல்சிடி திரைகளின் பின்னால் பல காலம் வேலை செய்த படிகமற்ற சிலிக்கானின் எண்ணுக்குச் சமம். திரை, உணரி, வளையும் பரப்பு போன்ற இடங்களுக்கு அது போதும்.

மாசூட்டல், அதாவது வேறொரு பொருளைச் சிறிது சேர்த்து மின்கடத்துதிறனை ஏற்றுவது, அதன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967-ல் டோக்கியோவில் ஹிடெகி ஷிரகாவாவின் ஆய்வகத்தில் வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட, கறுப்புப் பொடியாக வர வேண்டிய பாலிஅசிட்டிலீன் வெள்ளிபோல் மினுக்கும் படலமாக வந்தது. ஆலன் மெக்டியார்மிட், ஆலன் ஹீகர் ஆகியோருடன் சேர்ந்து 1977-ல் அதை ஹாலோஜன் ஆவியில் காட்டியபோது மின்கடத்துதிறன் கோடி மடங்கு வரை ஏறியது. 2000-ல் மூவருக்கும் வேதியியல் நோபல். பலர் இந்தக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். பாலிஅசிட்டிலீன் காற்றில் வைத்தால் கெட்டுப்போகும் பொருள். அதில் செய்த எதுவும் கடைக்கு வரவில்லை. கடைக்கு வந்தது பெடாட் என்ற பாலிதயோஃபீன் வகை. முதலில் புகைப்படச் சுருளில் நிலைமின்சாரம் சேராமலிருக்கப் பூசினார்கள். இன்று மின்தேக்கிகளிலும், மூளையின் சமிக்ஞையை வாங்கும் மின்முனைகளிலும் அது இருக்கிறது.

இப்போது ஓஎல்இடி. ஆந்த்ரசீன் படிகத்தில் மின்சாரம் பாய்ச்சி ஒளி வரவைப்பதை மார்ட்டின் போப்பின் குழு 1963-லேயே காட்டிவிட்டது. நானூறு வோல்ட் அளவில் கொடுக்க வேண்டியிருந்தது. கோடக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-ல் வெளியிட்ட கருவி பத்து வோல்ட்டுக்குக் கீழே எரிந்தது. நானூறு எப்படிப் பத்தானது? முதல் காரணம் தடிமன்: படிகத்தைக் கைவிட்டு, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த, மொத்தமாக நூறு நானோமீட்டர் அளவுள்ள படலத்துக்குப் போனார்கள். அதைவிட முக்கியம் அடுக்கு. மின்துளையை (எலக்ட்ரான் இல்லாத காலியிடம், நேர்மின்சுமைபோல் நகரும்) நன்றாகக் கடத்தும் ஒரு படலம், எலக்ட்ரானைக் கடத்தி ஒளியும் விடும் இன்னொரு படலம். இரண்டும் சந்திக்கும் எல்லையில் எலக்ட்ரானும் துளையும் தேங்கி நின்று ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. எதிர்மின்முனைக்கு மக்னீசியமும் வெள்ளியும் கலந்த உலோகத்தை வைத்தார்கள். மக்னீசியம் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும், வெள்ளி அந்தப் படலம் ஒட்டி நிற்கவும் நிலைக்கவும் உதவும். அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். அதில் புதுமை மூலக்கூறில் மட்டுமில்லை. எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதில்தான் பாதி வெற்றி.

அதன் பிறகு மிஞ்சியது எலக்ட்ரானின் தற்சுழற்சிச் (ஸ்பின்) சிக்கல். எலக்ட்ரானும் துளையும் சேரும்போது உருவாகும் ஜோடிக்கு எக்ஸைட்டான் என்று பெயர். தற்சுழற்சியைப் பொறுத்து அதில் இரண்டு வகை: நான்கில் ஒன்றுதான் சிங்லெட், மூன்று டிரிப்லெட். சாதாரண ஒளிரும் மூலக்கூறு சிங்லெட்டிலிருந்துதான் ஒளி விடும், மற்ற மூன்றும் வெப்பமாக வீணாகும். 1998-ல் மார்க் தாம்சன், ஸ்டீஃபன் ஃபாரஸ்ட் ஆகியோரின் குழுக்கள் பிளாட்டினம் போன்ற கனமான அணுவை மூலக்கூறின் நடுவில் வைத்து, டிரிப்லெட்டிலிருந்தும் ஒளியைக் கறந்தன. பின்னால் இரிடியம் அந்த இடத்தைப் பிடித்தது. 2012-ல் சிஹாயா அடாச்சியின் குழு கன உலோகமே இல்லாமல், டிரிப்லெட்டை அறை வெப்பத்தாலேயே சிங்லெட்டாக மேலேற்றும் மூலக்கூறுகளைக் காட்டியது.

சிவப்பும் பச்சையும் இப்படித் தீர்ந்தன. நீலம் மட்டும் பல ஆண்டுகளாகப் படுத்துகிறது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 460 நானோமீட்டர் நீல ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட். இந்த மூலக்கூறுகளில் கார்பன்-நைட்ரஜன் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 3 தேவை. டிரிப்லெட் எக்ஸைட்டான் மைக்ரோவிநாடிக் கணக்கில் உயிரோடு இருப்பதால், அது சும்மா காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு எக்ஸைட்டானோ, போகிற ஒரு மின்சுமையோ வந்து மோதலாம். மோதினால் இரண்டின் ஆற்றலும் ஒன்றின்மேல் குவியும். ஐந்து எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஒரே இடத்தில் சேர்ந்தால் எந்தப் பிணைப்பு தாங்கும்? ஒரு மூலக்கூறு உடைந்தால் அதன் துண்டு சுற்றியிருப்பவற்றின் ஆற்றலையும் விழுங்கும் பொறியாகிவிடுகிறது. அதனால்தான் சிவப்பிலும் பச்சையிலும் டிரிப்லெட்டைப் பயன்படுத்திய திரைத் தொழில், நீலத்துக்கு மட்டும் திறன் குறைந்த பழைய ஒளிர்வு முறையையே வெகுகாலம் வைத்துக்கொண்டது. பல திரைகளில் நீலப் புள்ளியை மற்றவற்றைவிடப் பெரிதாக வைப்பதும் இதற்காகத்தான்: பரப்பு கூடினால் ஒவ்வொரு மூலக்கூறின் மீதும் விழும் சுமை குறையும். எக்ஸைட்டான் தங்கும் நேரத்தை எப்படிக் குறைப்பது என்பது இன்றும் திறந்த கேள்வி. வேதியியல் படித்தவருக்கு வேலை இருக்கிறது என்று சொல்ல இது ஒன்றே போதும்.

சூரிய மின்கலத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். கரிமப் பொருளின் மின்காப்பு மாறிலி (மின்சுமைகளுக்கு இடையிலான ஈர்ப்பைப் பொருள் எவ்வளவு தணிக்கிறது என்ற அளவு) மூன்றை ஒட்டி, சிலிக்கானுக்கு கிட்டத்தட்ட பன்னிரண்டு. அதனால் இங்கே ஒளி பட்டதும் எலக்ட்ரானும் துளையும் தனித்தனியே பிரியாமல் 0.3 முதல் 0.5 எலக்ட்ரான் வோல்ட் பிணைப்போடு ஒட்டிக்கொண்டே பிறக்கின்றன. அறை வெப்பத்தின் ஆற்றலோ வெறும் 0.025. பிரிக்க இன்னொரு பொருளின் எல்லை வேண்டும், அந்த எல்லையும் பத்து நானோமீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே அணைந்துவிடும். டாங் 1986-ல் செய்த இரண்டடுக்குக் கலத்தின் திறன் சுமார் 1%. இரண்டு பொருளையும் கலந்து ஒரே படலமாகப் பூசும் முறை 1990-களில் வந்தது. எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள, பந்து வடிவக் கார்பன் மூலக்கூறான ஃபுல்லரீனையே நம்பியிருந்த நிலை 2015-க்குப் பிறகு மாறியது, 2019-ல் வந்த ஒய்6 என்ற மூலக்கூறு திறனை 15%-க்கு மேல் ஏற்றியது. இன்று ஆய்வகச் சிறுகலங்கள் 20%-ஐத் தொட்டு நிற்கின்றன. பெரிய பரப்பில், வெயிலிலும் மழையிலும் அது பல ஆண்டு நிற்குமா என்பதுதான் உண்மையான பரீட்சை. மலிவான சிலிக்கான் பலகையோடு மோதப்போகிறோம் என்று சொல்லும் ஆய்வுத் திட்டங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

டிரான்சிஸ்டர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். மொபிலிட்டியை நேரடியாக யாரும் அளப்பதில்லை. டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையான கேட்டின் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போய், மின்னோட்டம் வெளியேறும் முனையான டிரெய்னின் மின்னோட்டத்துக்கு வர்க்கமூலம் எடுத்து வரைபடமாக்கி, அந்தக் கோட்டின் சாய்விலிருந்து கணக்கிடுகிறார்கள். சூத்திரப்படி அது நேர்கோடாக வர வேண்டும். பல கருவிகளில் அது தொடக்கத்தில் செங்குத்தாக எழுந்து, பிறகு முழங்கைபோல் மடங்கிச் சாய்ந்துவிடும். செங்குத்தான பகுதியில் சாய்வை எடுத்தால் பத்து, இருபது என்று எண் வரும். மடங்கிய பிறகு எடுத்தால் ஒன்று வரும். கட்டுரையில் ஏறுவது எந்த எண் என்று சொல்லத் தேவையில்லை. அந்த முழங்கை எங்கிருந்து வருகிறது என்றால், உலோகத் தொடுமுனையிலிருந்து. உலோகத்துக்கும் கரிமப் படலத்துக்கும் நடுவே ஆற்றல் தடை இருக்கிறது. கேட் வோல்டேஜ் ஏற ஏற அந்தத் தடை திடீரென்று தாழ்கிறது, மின்னோட்டம் குபீரென்று எகிறுகிறது. எகிறியது தொடுமுனையின் கைவரிசை. பெயர் வாங்கியது மூலக்கூறு. 2016-ல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவன ஆய்வாளர்கள் இதை விளக்கமாக எழுதி, எண் பத்து மடங்கு வரை ஊதிப்போகலாம் என்று காட்டிய பிறகுதான் பலர் பழைய வரைபடங்களைத் தூசி தட்டிப் பார்த்தார்கள்.

இதற்கு நேர்மாறான ஓர் அழகான சோதனையும் உண்டு. ரூப்ரீன் என்ற கரிமப் பொருளின் படிகத்தின் மேல் எந்த மின்காப்புப் படலத்தையும் பூசாமல், மெல்லிய காற்று இடைவெளியையே மின்காப்பாக வைத்து, 2004-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டிரான்சிஸ்டர் செய்தார்கள். மொபிலிட்டி 20 வரை வந்தது, குளிரவைத்தால் இன்னும் கூடியது. குளிர்ந்தால் கூடுவது, மின்சுமை பொறிகளில் விழுந்து எழுந்து தாவாமல் ஒழுங்காக ஓடுகிறது என்பதற்கு அடையாளம். படிகத்தின் மேற்பரப்பை எதுவும் தொடாதபோதுதான் அது தன் உண்மையான தரத்தைக் காட்டியது.

ஒற்றை மூலக்கூறுக் கருவிக்கு வருவோம். அரியே அவிராம், மார்க் ராட்னர் இருவரும் 1974-ல் ஒரு மூலக்கூறை எழுதிக் காட்டினார்கள்: ஒரு முனை எலக்ட்ரானைக் கொடுக்கும், மறுமுனை வாங்கும், நடுவில் கடத்தாத ஒரு பாலம். ஒரு திசையில் மட்டும் மின்சாரம் போகும், அதாவது ஒரே மூலக்கூறில் டையோடு. அதைச் செய்து அளப்பதற்கான கருவி அப்போது கிடையாது.

1997-ல் மார்க் ரீடின் குழு தங்கக் கம்பியை மெல்ல வளைத்து உடைத்து, உடைந்த இடைவெளியில், இரு முனையிலும் கந்தகம் உள்ள பென்சீன்-டைதயால் மூலக்கூறை மாட்டி, சுமார் 22 மெகாஓம் மின்தடை என்று சொன்னது. 2004-ல் நோங்ஜியான் தாவோவின் குழு அதே மூலக்கூறை வேறு முறையில் அளந்தது. விடை ஏறத்தாழ 1.2 மெகாஓம். ஒரே மூலக்கூறு, கிட்டத்தட்ட இருபது மடங்கு வேறுபாடு. யாரும் பொய் சொல்லவில்லை. கந்தகம் தங்கத்தின் ஓர் அணுவின் தலையில் உட்கார்ந்ததா, மூன்று அணுக்களுக்கு நடுவில் உட்கார்ந்ததா என்பதைப் பொறுத்தே எண் மாறிவிடுகிறது.

தாவோ முறையைக் கிட்டத்தில் பாருங்கள், ரசிக்கத் தகுந்தது. தங்க ஊசி தங்கத் தளத்தில் குத்தி, பிறகு மெதுவாக விலகும். விலகும்போது நடுவில் தங்கக் கழுத்து மெலிந்து மெலிந்து கடைசியில் ஓர் அணு அகலத்துக்கு வரும். அப்போது மின்கடத்தம் குவாண்டம் அலகில், அதாவது 12.9 கிலோஓம் தடைக்குச் சமமான மதிப்பில், ஒரு படியாக நிற்கும். இன்னும் இழுத்தால் தங்கம் அறுந்துவிடும். கரைசலில் மூலக்கூறு இருந்தால், அறுந்த இடைவெளியை அது பிடித்துக்கொண்டு, முன்பு நின்றதைவிடப் பல மடங்கு தாழ்வில் இன்னொரு படி தெரியும். பிறகு அதுவும் விடும். ஒரு முறை பார்த்த படிக்கு மதிப்பே இல்லை. ஆயிரக்கணக்கான முறை குத்தி இழுத்து, எல்லாப் படிகளையும் ஒரே வரைபடத்தில் குவித்தால், எங்கே மேடு எழுகிறதோ அதுதான் விடை. தொடுமுனையை அடக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, புள்ளியியலைத் துணைக்கு அழைத்த நேர்மை இதில் எனக்குப் பிடித்தது. 2006-ல் லதா வெங்கடராமனும் சக ஆய்வாளர்களும் கந்தகத்துக்குப் பதில் நைட்ரஜன் உள்ள அமீன் முனைகளை வைத்தார்கள், மேடு கூர்மையானது. அதனால் இரண்டு பென்சீன் வளையங்களுக்கு இடையே உள்ள முறுக்குக் கோணத்தை மாற்றினால் மின்கடத்தம் அந்தக் கோணத்தின் கொசைன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது என்பதைச் சுத்தமாகக் காட்ட முடிந்தது.

இடையில் நடந்த மோசடியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெல் ஆய்வகத்தில் இருந்த ஹென்ட்ரிக் ஷோன், பென்டசீன் படிகத்தில் தொடங்கி மூலக்கூறு டிரான்சிஸ்டர் வரை அதிசயம் அதிசயமாக வெளியிட்டார். வேறு யாராலும் திரும்பச் செய்ய முடியவில்லை. மென்மையான கரிமப் படிகத்தின் மேல் அலுமினியம் ஆக்சைடைப் பூசினால் மேற்பரப்பு சிதைந்தது, அவருக்கு மட்டும் சிதையவில்லையாம். கடைசியில் காட்டிக்கொடுத்தது இரைச்சல்: வெவ்வேறு கருவிகள் என்று சொன்ன வரைபடங்களில் தற்செயலாக இருக்க வேண்டிய இரைச்சல் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. 2002-ல் விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளில் 16-ஐ உறுதி செய்தது. துறைக்குப் பட்ட காயம் ஆற ஆண்டுகள் ஆயின. ஆனால் மூல அளவீடுகளைக் கேட்டு வாங்கும் பழக்கம் அதன் பிறகு வலுத்தது.

மூலக்கூறுக் கருவி விற்பனைக்கு வந்ததா என்றால், வந்தது, எதிர்பாராத இடத்தில். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மெக்ரீரியின் ஆய்விலிருந்து பிறந்த கார்பன் மின்முனைகளுக்கு நடுவே மூலக்கூறுப் படலத்தை வைத்த சந்திகள், எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டிகளில் போய் உட்கார்ந்தன. கணினியை வெல்வதாகப் புறப்பட்டது ராக் இசையில் கரையேறியது! இன்னொரு பக்கம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமியின் குழு ருத்தேனியம் சேர்மப் படலத்தில் 16,000-க்கும் மேற்பட்ட மின்கடத்த நிலைகளை எழுதிவைக்கும் நினைவுக் கருவியை 2024-ல் வெளியிட்டது. அது ஒற்றை மூலக்கூறு இல்லை, படலம்தான். தனி மூலக்கூறைப் பிடித்து டிரான்சிஸ்டர் செய்து சிப்பில் கோடிக்கணக்கில் அடுக்கும் கனவைவிட, மூலக்கூறின் குணத்தைப் படலமாகப் பயன்படுத்தும் இந்த வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம். ஒற்றை மூலக்கூறு அளவீடு அடிப்படை இயற்பியலைச் சொல்லித்தரும் கருவியாகத் தொடரும். அதை விற்பனைப் பொருளாக எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஆகவே, போகலாம். தொகுப்பு வேதியியல் மட்டும் தெரிந்தால் போதாது. உருவாக்கிய மூலக்கூறை நீங்களே படலமாக்கி, மின்முனை வைத்து, அளந்து பார்க்கும் வாய்ப்பு இருக்கும் ஆய்வகமாகத் தேடுங்கள். மூலக்கூறைச் செய்து வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு எண்ணுக்குக் காத்திருப்பவர்களுக்கு, எண் ஏன் அப்படி வந்தது என்று கடைசிவரை தெரியாமல் போய்விடும். நேர்முகத்துக்குப் போகும்போது மூன்று விஷயங்களைத் தயங்காமல் கேளுங்கள். கட்டுரையில் உள்ள மிகச் சிறந்த கருவியைப் போல மொத்தம் எத்தனை கருவிகள் செய்தார்கள், அவற்றில் எத்தனை வேலை செய்தன? குறைந்த டிரெய்ன் வோல்டேஜில் மின்னோட்டக் கோடு நேராக எழுகிறதா, தொடக்கத்தில் குழிந்து எழுகிறதா? குழிந்தால் தொடுமுனைத் தடை இருக்கிறது என்று பொருள். ஆறு மாதம் கழித்து அதே கருவியை மறுபடி அளந்தார்களா? இந்தக் கேள்விகளுக்கு மூத்த மாணவர் சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து மூல வரைபடத்தைக் காட்டினால், அங்கே சேருங்கள்.